பழி கைக்கு, புகழ் தலைக்கு

அருங்காட்சியகத்துக்குப் போகலாமா என்று நம் மாணவர் வட்டங்களில் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில் வருகிறது. ‘ராஜாவும் ஜமீனும் வெள்ளக்காரனும் சேத்து வச்ச சாமானு. அத்த போயி நாம இன்னாத்துக்குப் பாக்கணும்?’ என்பது ஒன்று. ‘கலைக்கு ஏதுங்க சாதி, அழகு எல்லாருக்கும் பொது’ என்பது இன்னொன்று. முதல் பதிலில் கோபம் இருக்கிறது, இரண்டாவதில் ஆசை இருக்கிறது. இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் இரண்டுமே ஒரு கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. அழகான ஒரு பொருள் உருவாகும்போது அதிலுள்ள அழுக்கு வேலையை யார் செய்தது? அந்த அழுக்கு கடைசியில் யார் பெயரோடு ஒட்டிக்கொண்டது? இதற்குப் பதில் தெரிந்த பிறகும் அந்த அழகைப் பார்த்து ஒருவர் மனசார மகிழ முடியுமா? மகிழ்ந்தால் அது துரோகமா?

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் நாறுகிற ஊர்களில் பிறந்தவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை.

*

கோயிலிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் கலை பெரும்பாலும் அங்கேதான் பூட்டிக் கிடந்தது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் 16ஆம் நூற்றாண்டு வேலை. தூணுக்குத் தூண் யாளியும் குதிரையும் பாய்ந்துகொண்டு நிற்கும். கல்லை இப்படியும் செதுக்க முடியுமா என்று வாய் பிளக்க வைக்கிற வேலை. அந்தக் கோயிலில் பல காலம் மூலவர் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அது ஆயுதக் கிடங்காக இருந்தது, பிறகு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தது. 1981இல்தான் மறுபடி லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்து பூசை தொடங்கியது. ஒன்றை யோசித்துப் பாருங்கள். சாமி வெளியே இருந்த காலத்தில் அந்த மண்டபம் வெறும் கலை. யார் வேண்டுமானாலும் தூணைத் தடவிப் பார்க்கலாம். சாமி உள்ளே வந்ததும் அதே கல்லுக்குச் சுத்தம், தீட்டு, முன்வரிசை, பின்வரிசை என்று ஒரு கணக்கு வந்துவிடுகிறது. கல் மாறவில்லை, கணக்குதான் மாறியது.

எழும்பூர் மியூசியத்தை நம் பெரியவர்கள் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். உயிரோடு இருக்கிற மிருகங்களைக் காட்டுவது உயிர் காலேஜ், செத்ததைக் காட்டுவது செத்த காலேஜ். கேலிப் பெயர்தான், ஆனால் அதில் ஒரு விடுதலை ஒளிந்திருக்கிறது. கோயிலில் பட்டும் பூவும் சுற்றி, விளக்கு வெளிச்சத்தில், ஐம்பதடி தூரத்தில் முகம் மட்டும் தெரிகிற நடராசர், இங்கே துணியில்லாமல், பூவில்லாமல், கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறார். பின்பக்கம் போய் சாமியின் முதுகைப் பார்க்கலாம். முதுகையும் எவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரியும். கோயிலில் தூரத்தைத் தீர்மானிப்பது பிறப்பு. மியூசியத்தில் தீர்மானிப்பது கண்ணாடி. கண்ணாடி எல்லாரையும் ஒரே தூரத்தில் நிறுத்துகிறது, டிக்கெட் கவுண்டரில் சாதி கேட்பதில்லை.

ஆலயப் பிரவேசச் சட்டங்கள் 1939இலும் 1947இலும் வந்தன. அதற்கப்புறமும் 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித்துகள் உள்ளே போவது பற்றிய தகராறில், திரௌபதி அம்மன் கோயிலை அதிகாரிகள் பூட்டி சீல் வைக்க வேண்டி வந்தது. எனவே ‘மியூசியம் நமக்கு எதுக்கு’ என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். நம் முப்பாட்டன்களை வெளியே நிறுத்திவைத்த கலையை, நாம் முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்த இடம் அது.

ஆனால் அந்தச் சிலைக்குக் கீழே இருக்கிற சீட்டைப் படியுங்கள். ஊர் பெயர் இருக்கும், நூற்றாண்டு இருக்கும், சோழர் என்றோ பல்லவர் என்றோ இருக்கும். மெழுகில் உருவம் பிடித்தவன் இல்லை. மண் அப்பியவன் இல்லை. உலைக்குக் காற்று ஊதியவன் இல்லை. உலை ஊத துருத்தி வேண்டும். துருத்தி என்பது தோல். தோல் என்றால் அதை உரித்தவன் ஒருவன், ஊறப்போட்டவன் ஒருவன், தைத்தவன் ஒருவன். தோல் இல்லாமல் வெண்கலம் உருகாது. உருகி வார்த்து சாமி ஆனதும் அந்தத் தோல்காரன் சாமிக்கு ஆகாதவன் ஆகிவிடுகிறான். இதுதான் நான் சொல்லவருகிற கணக்கு: பழி கைக்கு, புகழ் தலைக்கு.

*

இந்தக் கணக்கு நம் ஊரில் மட்டும்தானா என்பதைப் பார்க்க இத்தாலி வரை போகலாம். தோல் வட்டாரத்துக்கு இத்தாலி ஒன்றும் தூரமில்லை. தோல் இயந்திரம் அங்கிருந்து வருகிறது, கலர் ஃபேஷன் அங்கிருந்து வருகிறது, முதலாளிமார்கள் தோல் சந்தைக்குப் போய்வருகிறார்கள். எனக்கு ஒரு பயணத்தில் ஃபுளோரன்ஸ் நகரத்தில் ஒரு பகல் கிடைத்தது. அதை உஃபீத்ஸி கலைக்கூடத்தில் கழித்தேன்.

உஃபீத்ஸி என்றால் இத்தாலிய மொழியில் ‘அலுவலகங்கள்’. 1560இல், நம் வேலூர் மண்டபத்தின் அதே நூற்றாண்டில், கோசிமோ தெ மெதிச்சி என்ற ஆட்சியாளனுக்காக ஜோர்ஜோ வசாரி என்ற ஓவியனும் கட்டடக் கலைஞனுமான ஒருவன் தொடங்கிய அரசாங்க ஆபீஸ் அது. மெதிச்சிகள் வட்டிக்கடை வைத்து வங்கி நடத்தி மேலே வந்த குடும்பம். மேல்மாடியில் அவர்கள் சேர்த்து வைத்ததுதான் கலைக்கூடம் ஆனது. 1737இல் அந்த வம்சத்தின் கடைசிப் பெண்மணி, இந்தப் பொருள்கள் நகரத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதிவைத்தார். 1769இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

போத்திச்செல்லி வரைந்த, சிப்பிமேல் நிற்கிற வீனஸ் படத்தின் முன்னால் திருவிழாக் கூட்டம். எல்லார் கையும் செல்போனோடு மேலே தூக்கியிருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் எட்டு மூலையுள்ள ஓர் அறை, த்ரிபூனா என்று பெயர். கூரையெல்லாம் சிப்பி பதித்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் உள்ளே போக முடியாது, வாசற்படியில் நின்றுதான் பார்க்க வேண்டும். (வாசற்படியில் நின்று பார்ப்பது நமக்குப் பழக்கம்தான், அங்கே எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல்.) அறையில் பெயர்பெற்ற பளிங்கு வீனஸ் நிற்கிறாள். அதே அறையில் ஒருவன் குத்துக்காலிட்டுக் குனிந்து ஒரு கல்மேல் கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறான்.

அவனைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு ஷாப்பு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு கை கத்திப் பிடியில், இன்னொரு கையின் விரல்கள் அலகைக் கல்லோடு அழுத்திக்கொண்டு. தோல் ஷாப்பில் வேலை செய்கிறவன் கத்தி தீட்டுகிற அதே பிடி. ‘அர்ரொத்தீனோ’, அதாவது சாணை பிடிக்கிறவன் என்று அதற்குப் பேர். அவன் யார் என்று ரொம்ப நாள் புரியாமல் இருந்திருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில்தான் கதை பிடிபட்டது.

கதை இதுதான். மர்சியாஸ் என்று காட்டுவாசி ஒருவன், பாதி மனிதன் பாதி மிருகம். இரட்டைக் குழல் ஊதுவதில் கெட்டிக்காரன். யாழ் மீட்டுகிற அப்போலோ தெய்வத்தோடு அவன் போட்டி போட்டான். நடுவர்கள் அப்போலோவின் பரிவாரமான கலைத் தெய்வங்கள். முதல் சுற்றில் மர்சியாஸ் தோற்கவில்லை. உடனே அப்போலோ யாழைத் தலைகீழாகத் திருப்பி வாசித்தான், ‘நீயும் இதைப் போல் செய்’ என்றான். குழலைத் தலைகீழாக ஊத முடியுமா? மர்சியாஸ் தோற்றான் என்று தீர்ப்பு. தண்டனை, உயிரோடு தோலை உரிப்பது.

தகுதி, திறமை என்று நம்மிடம் தினமும் பேசுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். போட்டியின் நடுவில் விதியை மாற்றுகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவனிடம்தான் திறமையும் இருப்பதாகக் கடைசியில் எழுதிவைப்பார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. தோலை உரித்தது யார்? அந்தச் சிலைக்கூட்டத்தில் அப்போலோ கத்தி எடுப்பதில்லை. அதற்கு ஓர் அடிமை வேண்டும். கறுங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த ஸ்கீதியர் இனத்து அடிமை. உஃபீத்ஸியில் கை இரண்டும் மேலே கட்டி மரத்தில் தொங்குகிற மர்சியாஸ் சிலையும் இருக்கிறது, உரித்த உடம்பு மாதிரி தெரிவதற்காகச் சிவப்பு நரம்போடிய பளிங்கில். தொங்குகிறவனும் கீழானவன், கத்தி தீட்டுகிறவனும் கீழானவன். ஆணை போட்டவன் இசைக்கும் ஒளிக்கும் தெய்வம். அவன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

கொலை பாதகம் என்று சொன்னால் அது யாரைச் சேரும்? கத்தி பிடித்தவனையா, கைகாட்டியவனையா? நீதிமன்றத்தில் இரண்டு பேரையும் சேரும் என்பார்கள். சாதிச் சமூகத்தில் அப்படி இல்லை. இங்கே ஆணை போட்டவனுக்குப் புனிதம், கத்தி பிடித்தவனுக்குத் தீட்டு. செத்த மாட்டைத் தூக்கு என்று சொல்பவன் சுத்தமானவன், தூக்குகிறவன் தீண்டத்தகாதவன். ஒரே செயலை இரண்டாக வெட்டி, ருசியை ஒரு பக்கமும் நாற்றத்தை இன்னொரு பக்கமும் வைக்கிற ஏற்பாடு இது. அறம் பேசுகிறவர்கள் பலரும் இந்த வெட்டை அறமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

*

கலைக்கூடத்தின் படங்களுக்குள்ளேயும் இந்த வெட்டு இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது. 1300, 1400களில் இத்தாலியில் மரப்பலகையில்தான் மாதா படங்களை வரைந்தார்கள். வெறும் பலகையில் நிறம் நிற்காது. சுண்ணச் சாந்து போல ஒரு வெள்ளைப் பூச்சு, அதைப் பலகையோடு ஒட்ட ஒரு பசை. அந்தப் பசை எதிலிருந்து வந்தது? 1400 வாக்கில் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் தொழில்முறை பற்றி ஒரு கையேடு எழுதினார். ஆட்டின் மூஞ்சி, கால், நரம்பு, தோல் கழிவு இவற்றைக் கொதிக்கவைத்துப் பசை எடுப்பதை அதில் விவரிக்கிறார். நம் தச்சர்கள் ‘வஜ்ஜிரம்’ என்று சொல்கிற அதே சாமான். ஷாப்புத் தோலிலிருந்து வழித்தெடுக்கிற சவ்வும் துண்டும் இப்படிப் பசைக்குப் போவது நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிய செய்தி இல்லை.

தங்க ஒளிவட்டத்தோடு உட்கார்ந்திருக்கிற மாதாவுக்குக் கீழே, தங்கத்துக்கும் மரத்துக்கும் நடுவில், மெல்லிசாக ஓர் அடுக்கு தோல் இருக்கிறது. அறுநூறு எழுநூறு வருஷமாக அந்தத் தங்கத்தை உதிராமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு அந்தப் படங்கள்மேல் வெறுப்பு வரவில்லை. சொல்லப்போனால் ஒரு உறவு வந்தது. ‘அட, நம்ப ஆளு வேலதானே இது’ என்று தோன்றியது.

ஃபுளோரன்ஸும் நாற்றத்துக்குப் பயந்த ஊர்தான். உஃபீத்ஸியிலிருந்து ஆற்றைத் தாண்டி அரண்மனைக்குப் போக, 1565இல் மெதிச்சிகள் தலைக்கு மேலே ஒரு மூடிய நடைபாதை கட்டிக்கொண்டார்கள், ஜனங்களோடு தெருவில் நடக்காமல் இருக்க. அது பொந்தே வெக்கியோ என்ற பாலத்தின் மேலாகப் போகிறது. பாலத்தில் கசாப்புக் கடைகள் இருந்தன. 1593இல் ஆட்சியாளன் பெர்தினாந்தோ அவற்றைக் காலிசெய்யச் சொல்லி நகைக்கடைகளை வைத்தான். இன்றைக்கும் அங்கே நகைக்கடைகள்தான், டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுக்கிறார்கள்.

அந்த ஊருக்கு ஒரு கலகமும் உண்டு. 1378 ஜூலையில் கம்பளி சிக்கெடுக்கிற சியோம்பி என்ற கூலிகள், தங்களுக்கென்று சங்கம் வைக்க உரிமை இல்லாதவர்கள், திரண்டுவந்து அரசாங்க மாளிகையையே பிடித்தார்கள். உஃபீத்ஸிக்குப் பக்கத்தில் இப்போதும் நிற்கிற மாளிகை அது. மிகேலே தி லாந்தோ என்ற கம்பளித் தொழிலாளி நகரத்தின் தலைமைப் பதவியில் உட்கார்ந்தான். சில வாரங்களில் அவர்களுடைய சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள், 1382க்குள் வாங்கிய மிச்ச உரிமையும் போனது. நாம் ‘மறுமலர்ச்சி’ என்று பாடப்புத்தகத்தில் படித்த காலம், இந்தத் தோல்விக்குப் பின்னால் மலர்ந்த காலம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு ஊரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஃபுளோரன்ஸில் தோல் வேலைக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது, சின்னச் சங்கங்களில் ஒன்றாகக் கணக்கில் இருந்தது. தோல் பதனிட்ட தெருவுக்கு இன்றைக்கும் அந்தத் தொழிலின் பெயர்தான், அதில் யாருக்கும் அவமானம் இல்லை. மிக்கேலாஞ்சலோவைப் புதைத்திருக்கிற சாந்தா குரோச்சே தேவாலயம் அந்தப் பேட்டையில்தான் இருக்கிறது. அங்கே நாற்றம் தொழிலோடு வந்தது, குளித்தால் போகும், தொழிலை விட்டால் பிள்ளைக்குப் போகாது. இங்கே நாற்றம் பிறப்போடு வருகிறது. தோலையே தொடாத வாத்தியாருக்கும் பேங்க் கிளார்க்குக்கும் கூட அது ஒட்டியிருப்பதாக ஊர் நம்புகிறது. சாதி என்பது வேலையைப் பிரிப்பது அல்ல, வேலையாட்களைப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கியது இதைத்தான். வர்க்கம் மட்டும் பேசுகிற தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

*

நம் ஊருக்குத் திரும்புவோம். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. சுற்றுவட்டாரமே திரண்டு வரும். கதை எல்லாருக்கும் தெரியும். புருஷன் சொல்லி மகன் பரசுராமன் ரேணுகாவின் தலையை வெட்டுகிறான். அடைக்கலம் கொடுத்த சண்டாளப் பெண்ணின் தலையும் சேர்ந்து போகிறது. உயிர் திரும்பும்போது தலை மாறிப்போய், ரிஷிபத்தினியின் தலை சண்டாளச்சியின் உடலோடு ஒட்டிக்கொள்கிறது. திருவிழாவில் அம்மன் சிரசை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து ஊர்வலமாகக் கொண்டு வருகிறார்கள். மாலை, தேங்காய், சிலம்பம், புலியாட்டம் எல்லாம் சிரசுக்கு. கோயிலில் சண்டாளச்சியின் உடல் காத்திருக்கிறது. சிரசை உடலில் பொருத்தினால்தான் தரிசனம். பொருத்துகிற வரைக்கும் அது அம்மன் இல்லை, வெறும் தலை. சாயங்காலம் மறுபடி சிரசைப் பிரித்து எடுத்துப் போகிறார்கள்.

கலை வரலாறு என்று இதுவரை நமக்குச் சொன்னதெல்லாம் சிரசு ஊர்வலம்தான். ராஜா பெயர், வம்சம் பெயர், பெரிய ஓவியன் பெயர். உடல் எங்கேயோ காத்துக் கிடக்கிறது. திருவிழாவின் பெயரிலேயே சிரசுதான் இருக்கிறது, உடல் இல்லை. ஆனால் அந்தச் சடங்கு அறியாமலே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது: உடலோடு சேராத தலைக்குச் சக்தி கிடையாது. நம் பாட்டிமார்கள் இதை எந்தத் தத்துவப் புத்தகமும் இல்லாமல் சொல்வார்கள், ‘தல அவளுதுதான், நிக்கிறது நம்ப ஒடம்புலதானடா.’

உடலை மறந்த சிரசு இன்றைய ஏற்றுமதிக் கணக்கிலும் இருக்கிறது. ஐரோப்பியக் கடையின் கண்ணாடிக்குள் விளக்கு போட்டு வைத்திருக்கிற ஷூவுக்கு ஒரு பிராண்டு பெயர் இருக்கும். பாலாறு அதில் இருக்காது. தோல் ஷாப்புகள் பாலாற்றையும் நிலத்தையும் கெடுத்ததற்காக, கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொன்னது. அதற்குப் பின்னால் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுக் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தூரத்து ஊரிலிருந்து அழைத்து வந்து கத்தி தீட்ட வைத்த ஸ்கீதியனைப் போலத்தான் இவர்களும்.

*

‘இப்படி ஒவ்வொரு படத்துலயும் சிலையிலயும் கூலிக்காரனத் தேடினா அப்புறம் அழக எங்க பாக்கறது?’ என்று ஓவிய நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இது. ஷாப்பில் நாற்பது வருஷம் வேலை செய்த பெரியவர் ஒருவர் தோலைப் பார்க்கிற விதத்தைக் கவனித்திருக்கிறேன். கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவுவார். எங்கே முள் கீறியது, எங்கே சுண்ணாம்பு கூடிப்போனது, எது சீராக வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நல்ல தோல் கையில் பட்டால் முகம் மலரும், ‘பூவாட்டம் கீதுடா’ என்பார். அது ரசனை இல்லையா? அவருக்கு அந்தத் தோல் எங்கிருந்து வந்தது, அதில் எத்தனை நாற்றம், எத்தனை புண் என்று எல்லாம் தெரியும். தெரிந்தும் அழகு குறையவில்லை. நாற்றத்தை மறைத்தால்தான் அழகு நிற்கும் என்பது பாலத்தைக் காலிசெய்த பெர்தினாந்தோவின் ரசனை. நாற்றத்தோடு சேர்த்து அழகை அறிவது பெரியவரின் ரசனை. தலித் அழகியல் என்று நாம் எதையாவது சொல்வதானால் அது அந்த உள்ளங்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

எனவே அழகைப் பார்த்து மகிழ்வது துரோகம் இல்லை. பாதியைப் பார்த்துவிட்டு முழுசும் பார்த்ததாகச் சொல்வதுதான் துரோகம். நம் பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துப்போங்கள். வேலூர்க் கோட்டை மண்டபத்துக்கு அழைத்துப்போங்கள். வசதியும் வாய்ப்பும் வந்தால் ஃபுளோரன்ஸுக்கும் போகட்டும். தலை குனியவும் வேண்டாம், காறித் துப்பவும் வேண்டாம். சாமியின் முதுகுப்பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டில் எழுதாத வேலைகளைக் கேட்கச் சொல்லுங்கள்: உலை ஊதியது யார், பசை காய்ச்சியது யார், கல் சுமந்தது யார். தோல் வழித்த கத்தியையும் துருத்தியையும், அவை யார் கையில் இருந்தன என்ற விவரத்தோடு, நம் ஊர்களிலேயே காட்சிக்கு வைக்கும்படி அரசாங்கத்திடம் கேட்போம். அது சலுகை அல்ல, பிரித்து எடுத்துப்போன சிரசை உடலுக்குத் திருப்பிக் கேட்பது.

கத்தி தீட்டுகிறவனைப் பற்றி இன்னொன்று. அவன் கத்தியைப் பார்த்துத் தீட்டவில்லை. தலையைத் தூக்கி மேலே யாரையோ பார்க்கிறான். ஆணைக்குக் காத்திருக்கிறான் என்று சொல்கிறார்கள். பளிங்கு என்பதால் அவனால் அதற்கு மேல் நகர முடியாது. மனிதர்கள் நகர்ந்திருக்கிறார்கள். செத்த மாடு தூக்குகிற வேலையை விடுங்கள் என்று அம்பேத்கர் 1927இல் மகாடில் சொன்னார், பல ஊர்களில் விட்டார்கள். 2016 ஜூலையில் குஜராத்தில் ஊனா பக்கம் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, அந்த மாநிலத்துத் தலித்துகள் மாட்டுச் சடலங்களை வண்டியில் ஏற்றிவந்து சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீசு முன்னால் போட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்கள். புனிதமான ஊருக்கு அன்றைக்குத்தான் அதன் நாற்றம் தெரிந்தது.